கழுதைக்கு ஒரே சொல்

பள்ளிக்கூட வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த கழுதையின் காதில் ஆங்கில வகுப்பு விழுந்தது. கழுதை கத்தினால் 'ப்ரே' என்று ஒரே சொல்லோடு முடித்துவிட்டு, டீச்சர் நாய்க்குப் போனார். குரைத்தால் 'பார்க்', உறுமினால் 'க்ரவுல்', ஊளையிட்டால் 'ஹவுல்'. கழுதைக்கு வயிறு எரிந்தது.

"உனக்கு மட்டும் மூணு சொல்லாடா?" என்று பக்கத்தில் படுத்திருந்த நாயிடம் கேட்டது.

"சொல்லு சோறு போடுமாண்ணே?" என்றது நாய்.

அந்த நேரம் பார்த்து, தெருவில் போன ஒருவன் எறிந்த கல் நாயின் காலில் பட்டது. அது வீலென்று அலறியது.

"கேட்டீங்களா பிள்ளைகளா? இதுக்குப் பேர் 'யெல்ப்'" என்று டீச்சர் கரும்பலகையில் எழுதினார்.

நாய் நொண்டிக்கொண்டே போனது.

"அடி வாங்கியும் ஒரு சொல்லைச் சம்பாதிச்சுட்டானே, பாவி!" என்று பொருமியது கழுதை.