மாமியார் கட்டிய பிராது

"மூஞ்சில அடிக்காதடா. நாளைக்கு போட்டோ புடிப்பாங்க" என்றாள் திரௌபதி.

பிரேம்நாத் அம்மா சொல் தட்டாத பிள்ளை. மனைவியின் தலைமுடியை விட்டுவிட்டு முதுகில் மிதித்தான். அனுசியா கொல்லைக் கதவோரம் போய் விழுந்தாள். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த கரண்டுக் கம்பத்துப் பீங்கானில் அவள் தலை மோதாதது தெய்வச் செயல். திரௌபதி செராமிக் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில், ஓட்டை என்று ஒதுக்கியதைத் தூக்கிக்கொண்டு வந்தது அது. அம்மிக்குழவி கனம் இருக்கும்.

அனுசியா செய்த குற்றம், எழுதியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக மூன்று நாவல்கள் எழுதியிருந்தாள். மூன்றாவதற்கு நாளை சென்னையில் விருது. அதில் பெண்டாட்டியை அடிக்கும் குடிகாரன் ஒருவன் வருகிறான். படித்த பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டில் பிரேம்நாத்தைப் பார்த்து, அது நீங்கதானா அங்கிள் என்று கேட்டுவிட்டன. பிள்ளைகளுக்கு என்ன, மனதில் பட்டதைக் கேட்கும்.

"காலைல ரயிலு ஏறிப் பாரு. கால ஒடச்சி உக்கார வெச்சிடுறேன். இனிமே பேனாவத் தொட்ட, கையும் இருக்காது" என்று சொல்லிவிட்டு அவன் ஒயின்ஷாப்புக்குக் கிளம்பினான். திரௌபதியும் எங்கே என்று சொல்லாமல் பஸ் ஏறப் போய்விட்டாள்.

மத்தியானம் பக்கத்து வீட்டுக் காசியம்மாள் சேதி கொண்டுவந்தாள். திரௌபதி கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டாளாம். பிராது என்பது சாமியிடம் எழுதிக் கட்டுகிற புகார். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. போலீஸுக்கு அஞ்சாதவனும் அதற்கு அஞ்சுவான்.

"வேற யாரு மேல கட்டப் போறாங்க, உன் மேலதான். பாத்து இருந்துக்கோம்மா" என்றாள் காசியம்மாள்.

அடியைத் தாங்கியவளால் இதைத் தாங்க முடியவில்லை. எடுத்து வைத்திருந்த பையைப் பிரித்து, பட்டுச் சேலையை மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். விருதும் வேண்டாம், இனி எழுத்தும் வேண்டாம் என்று முடிவு செய்து அழுதாள்.

பொழுது சாயும் நேரம் கரண்ட் போனது. குடித்துவிட்டு வந்து கொல்லையில் விழுந்து கிடந்த பிரேம்நாத் அலறினான்.

அனுசியா விளக்கோடு ஓடினாள். போதையில் குப்புறக் கிடந்தவனின் காலை யாரோ சிதைத்திருந்தார்கள். கணுக்காலுக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்தது, மண்ணெல்லாம் ரத்தம். ஒயின்ஷாப்பில் தன்னோடு சண்டை போட்டவன்தான் வந்து அடித்தான் என்று கத்தினான். தெருக்காரர்கள் அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வீடு அடங்கியது. முட்டு இல்லாத கொல்லைக் கதவு மட்டும் காற்றில் படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது.

திரௌபதி கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கமிருந்து வந்தாள். பெட்டியைத் திறந்து பட்டுச் சேலையை எடுத்து, மருமகளின் பையில் வைத்தாள்.

"அத்தை, பிராது என் மேலதான கட்டுனீங்க?"

"அவன் மேலதான் கட்டுனேன். ஆனா சாமிக்கு மூணு மாசம் வாய்தா இருக்குது, உன் ரயிலுக்கு இல்லியே."