எட்டாவது ஆள்

“அம்மா, நீ சூதாடறியா?”

கிழக்குத் தாம்பரம் வீட்டுக்குள் கால் வைத்ததுமே சின்மயி கேட்ட முதல் கேள்வி இதுதான். ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

பட்டு டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். மேட்ச் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

“வாடி. காப்பி கலக்கட்டுமா?”

“காப்பி கெடக்கட்டும். கீழ் வீட்டு அனுப்பிரியா போன் பண்ணினா. ‘உங்கம்மா தினம் கிரிக்கெட் ஆப்புல பணம் கட்டி ஆடறாங்க’ன்னு சிரிக்கறா. எனக்கு மானமே போச்சு.”

அனுப்பிரியா சொன்னது பொய்யில்லை. பணம் கட்டி ஆடும் ஆப்களைச் சட்டம் போட்டு மூடுவதற்கு முந்தைய ஐ.பி.எல். சீசன் அது. மோதுகிற இரண்டு அணியிலிருந்தும் பதினோரு பேரைப் பொறுக்கி நாமே ஒரு டீம் வைக்க வேண்டும். அவர்கள் மைதானத்தில் அடிப்பதும் பிடிப்பதும் நமக்குப் பாயின்ட். யாருக்குப் பாயின்ட் அதிகமோ அவருக்குப் பணம். அறுபத்து மூன்று வயதில் பட்டு மாமி இதில் இறங்கிவிட்டாள். ஊர் வாய் சும்மா இருக்குமா?

“தினம் அம்பது ரூபாதான்டி. அதுவும் வெளியாளோட இல்லை. அப்பாவோட ட்ரெயின் சிநேகிதாளோட.”

பட்டுவின் கணவர் கஸ்தூரிரங்கன் இருந்தவரை தாம்பரம் - பீச் லோக்கலில் எட்டு பேர் ஒரே பெட்டியில் போவார்கள். சீசன் வந்தால் அந்த எட்டு பேருக்குள் தினமும் ஒரு போட்டி. தை மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். சீசன் தொடங்கிய அன்று அவர்களில் ஒருவரான ஜெரோம் வீடு தேடி வந்து பட்டுவின் போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்தார்.

“சார் இடம் காலியா இருக்கு மாமி. எட்டாவது ஆள் சேரலேன்னா அன்னிக்குப் போட்டியே கேன்சல் ஆயிடும். எங்களுக்காக ஆடுங்களேன்” என்றார்.

“உனக்குக் கிரிக்கெட்ல என்னம்மா தெரியும்?” என்றாள் சின்மயி.

“ஒண்ணும் தெரியாது. பெருமாள் பேர் வெச்சுண்டவனாப் பாத்து எடுத்துப்பேன்.”

“எவ்வளவு தோத்தே?”

“தோக்கலையே! இதுவரைக்கும் இருபத்தாறு மேட்ச். அத்தனையிலும் நான்தான் ஃபர்ஸ்ட்.”

சின்மயி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவன் ஷ்யாம்சுந்தர் இதே ஆட்டத்தை ஆடி மாதா மாதம் கையைச் சுட்டுக்கொள்கிறவன். அவன் ஆடினால் மட்டும் அதற்குப் பேர் திறமை.

அந்த நேரம் பார்த்து பட்டுவின் போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ். ரயில் சிநேகிதர் தயாளன்.

“இன்னா மாமி, இன்னிக்கும் எங்க துட்டு உங்களுக்குத்தானா? பேஜாராக் கீது போ!”

சின்மயி போனை வெடுக்கென்று பிடுங்கினாள். ஆட்டம் தொடங்கிவிட்டால் மற்றவர்கள் வைத்த டீமையும் ஆப்பில் பார்க்கலாம். ஜெரோம் டீமைத் திறந்தாள். தயாளன் டீம். தசரதன் டீம். ஏழு பேருடையதையும் பார்த்து முடித்தபோது அவள் முகம் சிவந்துவிட்டது.

“அம்மா! டாஸ் போட்டதுமே யார் ஆடறா, யார் வெளில உக்காந்திருக்கான்னு ஆப்புலயே காட்டிடும். இவா ஏழு பேரும், ஆடாதவனாப் பாத்துப் பொறுக்கி வெச்சிருக்கா. அத்தனை பேருக்கும் சைபர். வேணும்னே உன்கிட்ட தோக்கறா. இதுக்குப் பேர் பிச்சைம்மா!”

பட்டு போனுக்காகக் கையை நீட்டினாள்.

“பணம் வேணும்னா என்கிட்ட கேக்க மாட்டியா? ஜெரோம் அங்கிளுக்கு இப்பவே போன் போட்டு நாலு வார்த்தை கேக்கறேன். இன்னியோட இந்த ஆட்டத்தை நிறுத்து.”

“போன் பண்ணாதே!” பட்டுவின் குரல் உயர்ந்தது. “எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“தினம் அவா ஏழு பேருக்கும் சைபரே விழறதைப் பாத்து ரெண்டாவது வாரமே தெரிஞ்சுடுத்து. ஜெயிச்ச பணத்துல சல்லிக்காசு எடுக்கலை. அப்படியே கிடக்கு. சீசன் முடிஞ்சதும் அவாளுக்கே திருப்பிக் குடுத்துடுவேன்.”

“தெரிஞ்சும் ஆடினியா? வெக்கமா இல்லை?”

“இருந்துது. இவ்வளவு பரிதாபமா ஆயிட்டோமேன்னு உக்காந்து அழுதேன். மறுநாள் ஆப்பைத் தொடவே இல்லை. ஏழேகாலுக்கு தயாளன் போன் பண்ணினார். ‘மாமி, உடம்பு கிடம்பு சரியில்லையா’ன்னார். அவர் வெச்சதும் ஜெரோம். அப்புறம் தசரதன். ஒருத்தர் பாக்கியில்லாம ஏழு பேரும் கூப்பிட்டா. அப்பா போன பதிமூணு நாளுக்கு அப்புறம் அத்தனை தடவை அடிச்சதில்லைடி இந்த போன்.”

“அதுக்காக?”

பட்டு போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“ஆபீஸ் விட்டு, லோக்கல்ல ஒரு கையால கம்பியைப் பிடிச்சுண்டு, இன்னொரு கையால இன்னிக்கு எவன் ஆடலைன்னு தேடறா. எதுக்கு? மாமி ஜெயிக்கணும்னு. தினம் ஏழு பேருக்கு என் ஞாபகம் வரது. இதோ இருக்கிற கூடுவாஞ்சேரியிலேர்ந்து நீ வந்து நாப்பது நாள் ஆச்சு. இன்னிக்கும் என்னைப் பாக்கவா வந்தே?”