இன்னொரு மாசம் தாங்கும்

மூடிக்கிடந்த பனியன் கம்பெனி ஷெட்டில் மெக்கானிக் சிவராஜ் ஜாக்கி போட்டு, காரின் முன்சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். லொடலொடவென்று ஆடியது. ஸ்டியரிங்கோடு சேர்ந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடு போன மாசம்தான் புதுசாகப் போட்டது. அதுக்கு முந்தின மாசமும் போட்டதுதான். மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறவில்லை.

“வண்டிய யாராச்சும் எடுத்தாங்களா அம்மிணி?”

“சாவி எங்கிட்டத்தானுங்ணா இருக்குது,” என்றாள் அனுப்பிரியா.

ரெண்டு வருசத்துக்கு முன்பு இதே காரில் இதே ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவள் புருசனிடம், “இன்னொரு மாசம் தாங்குமுங்க” என்று சிவராஜ் சொல்லி அனுப்பினார். நாலாம் நாள் கார் வளைவில் திரும்பாமல் இடப்பக்க வாய்க்காலுக்குள் இறங்கியது. அவள் புருசனையும் குழந்தையையும் மறுநாள்தான் வெளியே எடுத்தார்கள்.

கழற்றிய ராடு, யாரோ ஸ்டியரிங்கை வலப்பக்கமே ஒடித்து ஒடித்து இழுத்த மாதிரி தேய்ந்திருந்தது.

“கெட்டியானதாப் போடுங்ணா,” என்றாள் அவள். “பாவம், அவரும் எத்தன தடவதான் திருப்பிப் பாப்பாரு?”