இடப்பக்கச் சுற்று

பக்கவாதத்துக்குப் பிறகு மாசிலாமணிக்கு இடது கையில்தான் பலம். பூங்காவின் புல்வெளியைச் சுற்றியிருக்கும் கம்பியைப் பிடித்து நடக்க, எல்லோருக்கும் எதிராகத்தான் அவர் சுற்ற வேண்டும். இரண்டு பூங்காக்களில், "கோயில் மாதிரி வலமா சுத்துங்க சார், இடிச்சுக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டார்கள். புறநகரின் கடைசி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் மூன்றாவது பூங்காவை மனைவி பூங்கோதை கண்டுபிடித்தாள். அங்கேயும் எதிரே ஒரு கூட்டம் வந்தது. முன்னால் வந்த பெண் அவர் கையைப் பார்த்தாள். "நாமளும் இப்படியே போவோமே" என்று திரும்பினாள். எல்லோரும் திரும்பினார்கள்.

மறுநாள் இருவரும் தாமதமாகத்தான் போனார்கள். பூங்காவே இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மாசிலாமணிக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது. அதற்குக் கம்பியை விட வேண்டும்.