உட்கார்ந்த காலை

நமக்கெல்லாம் மடி இருக்கிறதே என்று நினைத்தாள் மரியபுஷ்பம். பதினோரு வருடம் நின்றபடியே சேலை விற்ற அந்தக் கடையில் அவள் யாருடைய மடியையும் பார்த்ததில்லை. உட்காரும் உரிமைக்குச் சட்டம் வந்ததும் வாங்கிப்போட்ட ஸ்டூல்களில் இதுவரை சேலைக்கட்டுகள்தான் உட்கார்ந்திருந்தன. இன்று சங்கம் முடிவெடுத்தபடி, கட்டுகளை இறக்கிவைத்துவிட்டு முப்பது பெண்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். எதையும் விரித்துக் காட்டாத கைகள் அத்தனை மடிகளிலும் சும்மா கிடந்ததைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் புல்லரித்தது.

மேனேஜர் நேராக அவளிடம்தான் வந்தார். "என்னம்மா, கல்யாணப் பந்தியா இது? கஸ்டமர் படியேறி வர்றாங்க. சீனியர் நீ எந்திரிச்சா இதுங்களும் எந்திரிச்சிரும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

"கஸ்டமர் வரட்டும் சார்," என்றாள் மெதுவாக. "உக்காந்துக்கிட்டே எடுத்துக் காட்டுறேன்."