வாயில்லாத உடம்பு

ஆய்வுக்கூடத்துத் தொட்டியில், ஓடில்லாத கடல் நத்தை ஒன்றின் தலை தன் உடம்பைத் தானே அறுத்துப் போட்டுவிட்டு ஊர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் மாற்ற வந்த ரெஜினா அலறிவிட்டாள்.

"பயப்படாதம்மா," என்றார் பேராசிரியர். "உடம்புல ஒட்டுண்ணி சேர்ந்துட்டா இப்படிக் கழட்டிட்டுப் போயிடும். பாசியத் தின்னே பிழைச்சு, இதயம் முதக்கொண்டு புதுசா வளத்துக்கும்."

மாணவர்கள் தலைக்குக் கைதட்டினார்கள்.

வேலை தேடிப் போவதாகச் சொல்லிப் போன ரெஜினாவின் புருஷன், கொச்சியில் வேறொருத்தியோடு குடியிருந்தான். பார்த்துவிட்டு வந்தவர்கள் நேராக இவளிடம்தான் வந்தார்கள். "ஆளே புதுசா ஆயிட்டான் புள்ள. போற அளவுக்கு நீ அப்படி என்னதான் பண்ணுன?"

"அப்ப இந்த உடம்பு, சார்?" என்று பேராசிரியரிடம் கேட்டாள் ரெஜினா.

"அதுக்கு வாயில்லையே. கொஞ்ச நாள்ல அழுகிடும். கொட்டிடு."

அவள் கொட்டவில்லை. கிண்ணத்தில் போட்டுத் தினமும் தண்ணீர் மாற்றினாள். தூரிகையால் தொட்டால் அது சுருங்கியது. உள்ளே இதயம் அடித்துக்கொண்டே இருந்தது.

தலைக்குப் புது உடம்பு முளைத்த பிறகுதான் பேராசிரியருக்குக் கிண்ணம் கண்ணில் பட்டது. "இன்னுமா துடிக்குது?" என்று அதை எடுத்து உருப்பெருக்கியின் அடியில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒட்டுண்ணி ஒண்ணுகூட இல்லையே. சுத்தமான உடம்பு. அப்புறம் எதுக்கு விட்டுட்டுப் போச்சு?" கிண்ணத்தைப் பார்த்தே கேட்டார்.

ரெஜினா பக்கத்துத் தொட்டியைக் காட்டினாள்.

"அதுகிட்டக் கேளுங்க சார். அதுக்குத்தான வாய் இருக்கு."