அரக்குப் பட்டு

"மன்னார்குடி மாமி வந்துட்டாங்க!"

குழுவை நடத்தும் ஜெயசீலன் மேக்கப் அறைக்குள் தலையை நீட்டிச் சொன்னதும், பானுவின் கையிலிருந்த பொட்டு டப்பா நழுவியது. அவள் கட்டியிருந்தது அந்த மாமியின் அரக்கு நிறக் கல்யாணப் பட்டு.

புனாவை ஒட்டிய சிஞ்ச்வட் தமிழ் நாடகக் குழு உயிரோடிருந்ததே பட்டாபிராமன் தயவில்தான். ஹால், மைக், விளக்கு எல்லாம் அவர் உபயம். தொண்ணூற்றாறில், மனைவி சியாமளா கோபித்துக்கொண்டு மன்னார்குடிக்கே போய்விட்டதாகச் சொல்லி, அவளுடைய பட்டுப்புடவைகளையும் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார். போன மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். இன்று அவர் நினைவு நாடகம்.

செய்த உபகாரத்துக்கெல்லாம் பதிலாக அவர் கேட்டது இரண்டுதான். கதாநாயகி அந்தப் புடவைகளில் ஒன்றைக் கட்ட வேண்டும். கடைசி வரிசையிலிருந்து ஒரு போட்டோ எடுத்துத் தர வேண்டும். "கிட்ட போகாதீங்கோ, முழு மேடையும் தெரியணும்" என்பார். பாவம், நல்ல ரசிகர்.

அவர் டயரியில் கிடைத்த மன்னார்குடி விலாசத்துக்கு, அவர் காலமானதைச் சொல்லி, 'நினைவு நாடகத்துக்குக் குடும்பத்தார் அவசியம் வரவும்' என்று எழுதிப் போட்டது ஜெயசீலன்தான்.

"புடவையைப் பார்த்து மாமி சத்தம் போட்டா? வேற மாத்திக்கிறேன் சார்."

"முதல் மணி அடிச்சாச்சும்மா."

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. மெதுவாக வந்து, வாசலில் நின்றுவிட்டது. பானு பயத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவளை இறுகக் கட்டிக்கொண்டன.

"சியாமு! மாப்பிள்ளை போய் ஒரு மாசம்தானே ஆறது? அதுக்குள்ள வேஷமாடி?"

பானு திரும்பினாள். அந்த அம்மாள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"நான் பானு. நீங்கதானே சியாமளா மாமி?"

"நான் அவ அக்கா, தர்மாம்பாள். சியாமு எங்க?"

ஜெயசீலன் குறுக்கிட்டார். "அவங்க உங்க ஊர்லதானே இருக்காங்க? ஏழு வருஷமா..."

"எங்க வந்தா? அப்பாவோட சண்டை போட்டுண்டு போனவ, வாசப்படி மிதிக்கலை. புனாவுல நாடகத்துல நடிக்கிறா, மூச்சு விட நேரமில்லைன்னு மாப்பிள்ளைதான் எழுதுவார். நாடகத்துக்கு நாடகம் போட்டோ வருமே!"

தர்மாம்பாள் கைப்பையைத் திறந்து ஒரு கட்டுப் போட்டோக்களை வெளியே எடுத்தாள். எல்லாவற்றிலும் தூரத்தில், நகத்தளவுக்கு, பட்டுப்புடவையில் ஒருத்தி.

போட்டோவையும் பானுவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ... இதெல்லாம் நீயா?"